செக்ஷன்ல கோடு, ஓட்ட, கீறல்: மிஷின மாத்துறதுக்கு முன்னாடி ஒரு வெறும் வேக்ஸ் பிளாக் வெட்டிப் பாருங்க

வள்ளியூர் பக்கம் ஒரு பிரைவேட் லேப்ல ஹிஸ்டோ (ஆபரேஷன்ல எடுத்த டிஷ்யூவ வேக்ஸ்ல பொதிச்சு பிளாக் ஆக்கி, மைக்ரோடோம்ங்கிற மிஷின்ல மெல்லிசா செக்ஷனா சீவி ஸ்லைடு பண்ணுற வேல) பாக்குற தங்கச்சி ஒருத்தங்க கேட்டிருக்காங்க:

"அண்ணாச்சி, ரெண்டு மாசமா செக்ஷன் சரியாவே வர மாட்டேங்குது. கர்ப்பப்பை பிளாக்ல, அதுலயும் ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக் கட்டி) இருந்தா, குறுக்க வரிவரியா கோடு விழுது. சில பிளாக்குல நடுவுல ஓட்டயாயிருது, வாட்டர் பாத்துல (செக்ஷன விரிய விடுற சுடுதண்ணித் தட்டு) போட்டதும் செதறிப் போயிருது. தைராய்டு, மார்புக் கட்டி இதுலல்லாம் நெடுக்க கீறல். பாத்தாலஜி மேடம் தெனமும் ரீகட் ரீகட்டுன்னு (திரும்ப வெட்டுன்னு) எழுதி அனுப்புதாங்க. ஓனர் மிஷின் பழசு, மாத்தணுங்காரு. மிஷினுதானா, இல்ல என் கையா?"

மூணும் ஒரே நோவு இல்லம்மா, மொத அத மனசுல வைங்க. குறுக்குக் கோடு ஒரு கத, நெடுக்கக் கீறல் வேற கத, நடுவுல ஓட்ட விழுகது மைக்ரோடோம் கிட்ட வர்றதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்ச கத. மூணையும் ஒண்ணா சேத்துப் பாத்தா யாருக்குமே மிஷின் மேலதான் சந்தேகம் வரும், ஓனரு மேலயும் தப்பில்ல.

மிஷின் மேல பழி போடுறதுக்கு முன்னாடி செலவே இல்லாத ஒரு சோதன இருக்கு. எல்-மோல்டுல (வேக்ஸ வார்க்குற எல் வடிவ அச்சு) டிஷ்யூவே வைக்காம வெறும் வேக்ஸ ஊத்தி ஒரு பிளாக் பண்ணுங்க, நல்லா ஐஸ்ல வைங்க, புது பிளேடு போட்டு நாலு மைக்ரான்ல ஒரு பத்துப் பதினஞ்சு செக்ஷன் ரிப்பனா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நாடா மாதிரி, எடுங்க. அதுலயும் குறுக்குக் கோடு வருது, இல்ல ஒண்ணு தடியா ஒண்ணு மெல்லிசா மாறி மாறி வருதுன்னா அப்போ மிஷின், பிளேடு ஹோல்டர், ஆங்கிள் இந்தப் பக்கம் போய்த் தேடணும். வெறும் வேக்ஸ் கண்ணாடி மாதிரி வந்துட்டுன்னா மிஷின் சுத்தம், கோளாறு டிஷ்யூவுலதான். உங்க கடுதாசியப் படிச்சா எனக்கு ரெண்டாவதுதான் தோணுது, ஏன்னா எல்லா பிளாக்குலயும் வரலங்கீங்க, ஃபைப்ராய்டுன்னா மட்டும் கூட வருதுங்கீங்க. மிஷின் ஆடுச்சுன்னா அது அப்பெண்டிக்ஸ்னு பாக்காது பித்தப்பைன்னு பாக்காது, எல்லாத்துலயும் ஆடும்.

இப்போ குறுக்குக் கோடு. பிளேடு முனைக்கு இணையா வரி வரியா தடி மெல்லிசு தடி மெல்லிசுன்னு வரும், சேட்டர்னு சொல்லுவோம்லா அதுதான். கெட்டியான டிஷ்யூவுல பிளேடு ஏறும்போது ஒண்ணு பிளேடு அதிருது, இல்ல பிளாக் அதிருது. ஃபைப்ராய்டு பூரா தசையும் நாரும், பிராசஸிங்ல (டிஷ்யூவ ஆல்கஹால்ல போட்டு தண்ணிய எடுத்து, சைலீன்ல போட்டு ஆல்கஹால எடுத்து, அப்புறம் வேக்ஸ ஏத்துறது) நல்லா தண்ணி வத்திப் போச்சுன்னா ரப்பர்க்கு மேல கட்டியாயிரும். அதுக்கு வைத்தியம் நனைக்கிறதுதான். டிரிம் பண்ணி, அதாவது மேல மூடியிருக்க வேக்ஸ சீவித் தள்ளி, டிஷ்யூ முகம் வெளிய தெரிஞ்ச பெறகு, உருகிட்டு இருக்கிற ஐஸ்ல, அதாவது ஐஸும் தண்ணியும் கலந்து நிக்கிற டிரேயில, முகத்த கீழ கவுத்தி ஒரு பத்து நிமிஷம் போட்டு வைங்க. குளிரும் கெடைக்கும், தண்ணியும் ஊறும். ஃப்ரீசர்ல வைக்காதீங்க, அந்த மைனஸ் குளிர்ல வேக்ஸ் வெடிச்சு கோடு கோடா கீறல் விடும், அப்புறம் அந்தக் கீறலுக்கு வேற காரணம் தேடிட்டு அலைவீங்க. ஐஸ்ல இருந்து எடுத்த ஒடனே தொடச்சிட்டு மிஷின் கைப்பிடிய பைய சுத்துங்க. வேகமா சுத்துனா நல்ல பிளாக்குலகூட சேட்டர் வரும். காலைல நுப்பது பிளாக் கெடக்கேன்னு அவசரப்படுற கைக்கு இது நெறய வரும், அந்த மட்டுல உங்க கையையும் கொஞ்சம் கவனிங்க.

அதோட ஹோல்டர்ல பிளேடு இறுக்குற லீவர், பிளாக் கிளாம்ப், ஆங்கிள் பூட்டுற திருகு மூணையும் தொட்டுப் பாருங்க. காஸெட்டுக்கு (டிஷ்யூ துண்டு வைக்கிற, ஓட்ட ஓட்டயா இருக்க பிளாஸ்டிக் டப்பா) வெளிய ஒட்டிட்டிருக்க வேக்ஸ சொரண்டாம கிளாம்ப்ல மாட்டுனா பிளாக் உள்ள ஆடிக்கிட்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பிளேடு ஹோல்டர் இடுக்குல பழைய வேக்ஸ் துணுக்கு இருந்தாலும் இதே கததான், சைலீன் தொட்ட துணியால தொடைங்க. ஆங்கிளப் பொறுத்தவரைக்கும் ஒவ்வொரு ஹோல்டருக்கும் மேனுவல்ல ஒரு அளவு போட்டிருப்பான், அங்க இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு டிகிரியா மாத்திப் பாருங்க. ரொம்பக் கூடிப் போனா சேட்டர், ரொம்பக் கொறஞ்சா பிளாக் பிளேடோட முதுகுல இடிச்சு ஒரு சுத்துல வெட்டாம அடுத்த சுத்துல தடியா வரும். சரியான எடம் கெடச்சதும் ஹோல்டர்லயே மார்க்கர்ல கோடு போட்டு வச்சிருங்க, நைட் டூட்டிக்கு வர்ற பையன் மாத்தி வச்சிட்டுப் போயிருவான்.

அடுத்தது நடுவுல ஓட்ட. இதுதான் உங்க லேப்போட பெரிய நோவுன்னு நெனைக்கேன். பிளாக்க வெளிச்சத்துல சாச்சுப் புடிச்சுப் பாருங்க, நடுப்பகுதி வேக்ஸ் மட்டத்துக்குக் கீழ குழிஞ்சு, மங்கலா, நகத்தால தொட்டா நுங்கு மாதிரி மெத்துமெத்துன்னு இருந்தா அங்க வேக்ஸ் போய்ச் சேரவே இல்லன்னு அர்த்தம். வேக்ஸ் ஏன் போகல, சைலீன் போகல. சைலீன் ஏன் போகல, தண்ணி வெளிய வரல. இப்பிடியே பின்னாடி போனீங்கன்னா கடைசில நர்சிங் ஹோம்ல இருந்து வந்த டப்பாவுல போய் நிக்கும்.

நம்ம பக்கம் எப்பிடி அனுப்புதாங்கன்னு உங்களுக்கே தெரியும். முழு கர்ப்பப்பைய ஒரு ஊறுகா பாட்டில்ல அமுக்கித் திணிச்சு, மேல ரெண்டு விரக்கடை ஃபார்மலின (டிஷ்யூ அழுகாம கெட்டியாக்குற மருந்து) ஊத்தி, திசையன்விளை பஸ்ஸுல கண்டக்டர்ட்ட குடுத்து விட்டுருவாங்க. சித்திர வெயில்ல அது வந்து சேரும்போது வெளிப்பக்கம் மட்டும் வெளுத்து கெட்டியா இருக்கும், வெட்டிப் பாத்தா உள்ள பச்ச ரத்தமா ரோஸ் கலர்ல இருக்கும். ஃபார்மலின் உள்ள போற வேகம் சுமாரா மணிக்கு ஒரு மில்லிமீட்டர்தான், ஆழம் போகப் போக அதுவும் கொறையும். உள்ள எட்டுறதுக்குள்ள டிஷ்யூ தானாவே அழுக ஆரம்பிச்சிரும். அத நீங்க எவ்வளவு நல்ல மிஷின்ல வெட்டினாலும் ஓட்டதான் வரும்.

அதனால டப்பா வந்து எறங்கின ஒடனே, எத்தன மணியானாலும், மேடம்ட்ட சொல்லி அத ரெண்டா பிளந்து கர்ப்பப்பையோட உள்குழிய தெறந்து விடச் சொல்லுங்க, பெரிய ஃபைப்ராய்டு இருந்தா அதையும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒண்ணா கீறி விடணும், பழைய ஃபார்மலின கொட்டிட்டு டிஷ்யூ அளவு மாதிரி பத்துல இருந்து இருவது மடங்கு புதுசா ஊத்தணும். அன்னைக்கே கிராசிங் (காஸெட்டுக்குத் துண்டு போடுறது) வேண்டாம், மறுநா பாருங்க. ரிப்போர்ட் லேட்டாகும்னு ஓனர் மொறைப்பாரு, தெனமும் ரீகட் பண்ணுறதுல அதவிட லேட்டாகுதுன்னு சொல்லுங்க. துண்டு போடும்போது தடிமன் மூணு நாலு மில்லிமீட்டர் தாண்டக் கூடாது. காஸெட் மூடிய அமுக்கி மூடுற அளவுக்கு வச்சா காஸெட் ஓட்டையோட வரி டிஷ்யூவுல பதியுறது மட்டுமில்ல, சொல்யூஷன் சுத்தி ஓடவும் எடம் இருக்காது.

ஃபார்மலின நீங்களே கலக்குதீங்களா? அப்போ போர் தண்ணில கலக்காதீங்க. ராதாபுரம் வள்ளியூர் பக்கம் தண்ணி உப்பு, பாஸ்பேட் பஃபர் (ஃபார்மலின் புளிக்காம வைக்கிற உப்பு) போட்டா கலங்கிப் போகும். ஒரு லிட்டருக்கு கடைல வாங்குற ஃபார்மலின் நூறு எம்எல், டிஸ்டில்டு வாட்டர் தொள்ளாயிரம், சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் அன்ஹைட்ரஸ் 6.5 கிராம். பஃபர் இல்லாம வச்சா நாளாவட்டத்துல புளிச்சு ஆசிட் ஆகும், ரத்தம் தேங்குன எடத்துலல்லாம் ஸ்லைடுல பழுப்புப் பொடி தூவின மாதிரி தெரியும், அதப் பாத்துட்டு ஸ்டெயின் வடிகட்டலன்னு உங்களத்தான் ஏசுவாங்க.

ஃபிக்ஸேஷன் (ஃபார்மலின் ஊறி டிஷ்யூ கெட்டியாகுறது) சரியா இருந்தும் குழி விழுதுன்னா ஆல்கஹால் பாருங்க. நம்ம ஊர் லேப்புல நெறய எடத்துல ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான் ஓடும், அதுல தப்பில்ல, ஆனா கடைசி ஜார்ல தண்ணி ஏறிப்போன பெறகும் மாத்தாம ஓட்டுனா ஒண்ணும் வத்தாது. கடைசி ஆல்கஹால்ல இருந்து கூடையத் தூக்கி சைலீன்ல எறக்குன ஒடனே சைலீன் பால் மாதிரி வெளுத்தா தண்ணி வந்துட்டுன்னு அர்த்தம், அந்த ரெண்டு ஜாரையும் அன்னைக்கே கொட்டிருங்க. கரண்டு கட் ஆகுற நேரத்துல வேக்ஸ் பாத் ஆறி உறைஞ்சு போச்சுன்னா திரும்ப நல்லா உருகுனதுல இருந்துதான் நேரம் கணக்கு. கூடை சைலீன்லயே ராத்திரி பூரா கெடந்தாலோ இதுக்கு நேர் எதிரா ஆகும், முறுகி ஒடஞ்சு தைராய்டெல்லாம் தூள் தூளா வரும்.

ஏற்கனவே குழி விழுந்து கெடக்க பிளாக்க தூரப் போட்டுராதீங்க. உருக்கி, வேக்ஸ டிஷ்யூ பேப்பர்ல ஒத்தி எடுத்து, ரெண்டு சைலீன், அப்புறம் அப்சல்யூட் ஆல்கஹால், அங்க இருந்து எறங்கி எழுவது பெர்சென்ட், உள்ள பச்சையா இருந்தா ஃபார்மலின் வரைக்கும் போய், திரும்ப மொதல்ல இருந்து பிராசஸ் பண்ணுங்க. பெரிய ஸ்பெசிமன்ல மிச்சம் டிஷ்யூ டப்பாவுல இருந்தா அதவிட நல்லது புதுத் துண்டு போடுறதுதான். சின்ன பயாப்ஸின்னா மேடம கேக்காம தொடவே தொடாதீங்க.

நெடுக்கக் கீறலுக்கு ஒரு நிமிஷ வேலதான். பிளேட பக்கவாட்டுல நகத்தி புது எடத்துல வெட்டுங்க. கீறல் போயிட்டா பிளேடுல பல்லு விழுந்திருக்கு. புது எடத்துலயும் டிஷ்யூவுல அதே எடத்துல கீறல் நின்னா உள்ள ஏதோ கெடக்கு. லென்ஸ் வச்சு பிளாக் முகத்தப் பாருங்க, தைராய்டு, மார்புன்னா வெள்ளையா சுண்ணாம்புப் பொடி மாதிரி கால்சியம் இருக்கலாம், ஏற்கனவே ஆபரேஷன் ஆன எடம்னா தையல் நூல்கூட கெடக்கும். நூல ஊசியால நோண்டி எடுத்துரலாம். கால்சியத்துக்கு பிளாக் முகத்த டீகால் சொல்யூஷன்ல (கால்சியத்தக் கரைக்கிற மருந்து) ஒரு அரைமணி கவுத்தி வச்சு, தண்ணில நல்லா கழுவி, ஐஸ்ல வச்சு வெட்டணும். மேலாக்க கொஞ்சம் மைக்ரான் தான் எளகியிருக்கும், டிரிம் பண்ணி வீணாக்காம பிளாக்க பிளேடுக்கு நேரா ஒக்கார வச்சு மொத நாலஞ்சு செக்ஷனையே புடிங்க. டீகால் போட்டத ரெக்வஸ்ட் ஃபார்ம்ல எழுதி வைங்க, மேடம் பின்னாடி கான்சர் மார்க்கர் டெஸ்ட் எதுவும் கேட்டா தெரியணும்.

இன்னொரு வகை ஓட்ட இருக்கு, டிஷ்யூ பூரா பூச்சி அரிச்ச மாதிரி சின்னச் சின்னதா. அது டிரிம்மிங்ல தடியா சீவுனதால பிச்சுக்கிட்டு வந்தது. கடைசில பத்து மைக்ரானுக்கு எறக்கி, ஐஸ்ல வச்சு, நாலு மைக்ரான்ல கொஞ்சம் சீவித் தள்ளிட்டு அப்புறம் ரிப்பன் புடிங்க, சரியாயிரும்.

வாட்டர் பாத்துல செதறுறது பாதி அந்தக் குழி பிளாக்கோட வேலதான், மீதி சூடு. டயல்ல காட்டுறத நம்பாம தெர்மாமீட்டர முக்கிப் பாருங்க, வேக்ஸ் உருகுற சூட்டுக்கு ஒரு பத்து டிகிரி கீழ, 58-60 வேக்ஸ்னா 48க்குப் பக்கத்துல. கூடுனா செல்லு செல்லா பிரியும், கொறஞ்சா சுருக்கம் விழும். இத விட முக்கியமா ஒண்ணு, நீங்க கேக்கல ஆனா சொல்லுதேன்: ஒவ்வொரு பிளாக் முடிஞ்சதும் தண்ணி மேல டிஷ்யூ பேப்பர இழுத்துத் தொடைங்க. முந்தின ஆளோட கான்சர் துணுக்கு அடுத்த ஆளோட செக்ஷன்ல ஒட்டுச்சுன்னா, கோடு விழுந்த செக்ஷன் மாதிரி ரீகட்டோட போகாது அது.

ஆனி ஆடில பணகுடிக் காத்து அடிக்கும்போது ஜன்னலையும் ஃபேனையும் அணைச்சிருங்க, ரிப்பன் பறக்கும், தூசியும் வேக்ஸ்ல விழும்.

வெறும் வேக்ஸ்லயும் தடி மெல்லிசு வந்தா, பிளேடு, கிளாம்ப், ஆங்கிள் மூணும் சரி பாத்த பெறகும் வந்தா, அப்போ சர்வீஸ் இன்ஜினியரக் கூப்பிடுங்க. அந்த ரிப்பன ஒரு கருப்புப் பேப்பர்ல ஒட்டி தேதி போட்டு வச்சிருந்து அவர்ட்ட காட்டுங்க, ஃபீட் மெக்கானிசத்த தொறந்து பாக்கச் சொல்லுங்க. அவரு எண்ண போட்டு சரி பண்ணிட்டேன்னு சொன்னா அவரு முன்னாடியே அதே வேக்ஸ் பிளாக்க இன்னொருவாட்டி வெட்டிப் பாத்துட்டு பில்லுல கையெழுத்துப் போடச் சொல்லுங்க உங்க ஓனர.