‘அப்பாகிட்ட கேளு’ என்கிறாள் மகள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

என் மகனுக்கு ஆறு வயது. விழித்தது முதல் உறங்கும்வரை கேள்விகள் ஓய்வதில்லை. உள்ளே சில்லென்றிருக்கும் ஃபிரிட்ஜ் பக்கவாட்டில் ஏன் சுடுகிறது, ரிமோட்டிலிருந்து டிவிக்கு எது போகிறது, கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று நான் அலுவலகம் கிளம்பும் நேரத்தில்தான் கேட்பான். கணவர் பொறியாளர், ஆனால் அவர் வீடு திரும்ப இரவாகிவிடும். மாமியாரோ, “கெட்டிக்காரப் பிள்ளை, பதில் சொல்லேன்” என்று என்னைத்தான் சொல்கிறார். நான் வணிகவியல் படித்தவள். இதுவும் என் தலையில்தானா? கணவர் ஒரு நாளாவது நேரத்தோடு வந்து பதில் சொல்லக் கூடாதா? இத்தனைக்கும் இப்போதெல்லாம் அவன் என்னிடம் அவ்வளவாகக் கேட்பதில்லை. வாயெடுத்தாலே என் நான்கு வயது மகள், “அம்மாவுக்குத் தெரியாது, அப்பாகிட்ட கேளு” என்றுவிடுகிறாள், அதுவும் ஒரு வகையில் நிம்மதிதான். வேலை முடிந்து களைத்து வருபவளை யாரும் நினைப்பதில்லை. அவன் கேள்விகளை எப்படிக் குறைப்பது?

அன்புச் சகோதரி,

கணவரின் நேரமின்மையும் மாமியாரின் பேச்சும் நியாயமான வருத்தங்கள். அவற்றைக் கணவரிடம் நேராகவே பேசுங்கள். கேள்விகள் ஓய்வதில்லை என்று தொடங்கிய நீங்களே, அவன் இப்போது அவ்வளவாகக் கேட்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படிக் குறைந்துவிட்டதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். நிம்மதி என்று நீங்கள் எழுதிய வரியில் எனக்கு வலிதான் தெரிகிறது.

மகனைவிட மகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவனுக்குக் கேட்க இன்னோர் ஆள் கிடைத்துவிட்டார். அவளோ, இதெல்லாம் அப்பாக்களுக்குத் தெரிந்த விஷயம், அம்மாக்களுக்கு அல்ல என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே, வீட்டில் நடப்பதைப் பார்த்தே முடிவுகட்டிவிட்டாள். நாளை தன்னைப் பற்றியும் அப்படியே நினைக்கக்கூடும்.

சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: வணிகவியல் படித்தது இங்கே தடையே அல்ல. தெரியாது என்பதை நீங்கள் அவமானமாக எடுத்துக்கொள்வதால்தான் பிள்ளைகளும் அதைக் குறையாகப் பார்க்கிறார்கள். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலே பிரபு போன்ற மேதை விளக்கியிருந்தும், 1921-இல் கப்பலில் பயணம் செய்த சி.வி. ராமன் அந்த விளக்கத்தில் நிறைவடையாமல் மறுபடி ஆராயத் தொடங்கினார். உங்கள் மகன் கேட்பதும் அதே கேள்விதான். அதற்கு உடனே விடை தெரியாததில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது இருவரையும் அதன் பக்கவாட்டில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளிருக்கும் சூட்டை அது வெளியே தள்ளுகிறது. அந்தச் சூடுதான் கையில் படுகிறது. ரிமோட்டின் முனையைக் கைப்பேசிக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பல கேமராக்களில் மினுக்குவது தெரியும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கத்தில் பாருங்கள். பொத்தானை மகள் அழுத்தட்டும். அது ஏன் என்று அவள் கேட்டு உங்களுக்கு விடை தெரியாவிட்டால், “தெரியலையே, வா பார்க்கலாம்” என்று சொல்லி அப்போதே தேடத் தொடங்குங்கள். அப்பா வரும்வரை காத்திருக்க வேண்டாம்.