பென்சில்வேனியா நம்பர் பிளேட், நியூ ஜெர்சி பள்ளி: மகளை நீக்கப்போவதாகக் கடிதம் வந்திருக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டியில் எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. எனக்கு எச்-1பி வேலை விசா, மனைவிக்கும் மகளுக்கும் குடும்பத்தாருக்கான எச்-4. என் வேலை நியூ ஜெர்சியில். மகள் ஒன்பதாம் வகுப்பை நல்ல பள்ளியில் தொடங்கட்டும் என்று, போன ஆகஸ்டில் நியூ ஜெர்சியின் மிடில்செக்ஸ் கவுண்டியில் ஒரு படுக்கையறை அபார்ட்மெண்டை லீஸுக்கு எடுத்தோம். மனைவியும் மகளும் ஞாயிறு இரவிலிருந்து வெள்ளி வரை அங்கே இருப்பார்கள். சில வாரங்களில் புதன் இரவே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கார் பென்சில்வேனியா பதிவு. யாரோ ஒரு பெற்றோர் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துப் புகார் செய்திருக்கிறார். மகள் இந்த ஊரில் வசிக்கவில்லை, அவளை நீக்கும்படி கல்வி வாரியத்திடம் கேட்கப்போகிறோம், கல்விக் கட்டணமும் வசூலிப்போம் என்று, ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளரிடமிருந்து இப்போது கடிதம் வந்திருக்கிறது. வருமான வரிப் படிவமும் விசா நகலும் கேட்கிறார்கள். லீஸ் இருந்தால் போதாதா? பிளேட்டை உடனே மாற்றிவிடட்டுமா? அதே ஊரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டு விலாசத்தைக் கொடுக்கச் சொல்கிறார் நண்பர். இதெல்லாம் கிரீன் கார்டைப் பாதிக்குமா?

பதில்: கடிதத்தில் விசாரணை கேட்பதற்குக் கடைசி நாள் எது என்று முதலில் பாருங்கள். ஏற்கனவே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கண்காணிப்பாளர் தன் கையெழுத்தில் நீக்கிவிட முடியாது. அவர் வாரியத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். வாரியம் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். ஒரு குழு விசாரித்தாலும், முடிவை முழு வாரியமும் கூட்டத்தில் ஓட்டெடுத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் இன்றே ஈமெயிலிலும் சர்டிஃபைட் தபாலிலும் இரண்டு வரி அனுப்புங்கள்: விசாரணை வேண்டும், புலனாய்வாளரின் அறிக்கை, படங்கள், தேதிவாரிக் குறிப்புகளின் நகல் வேண்டும். உங்கள் விளக்கம் எதையும் அதில் எழுத வேண்டாம். பதற்றத்தில் எழுதும் ஒரு வரி விசாரணையில் உங்களுக்கே எதிராக வந்து நிற்கும்.

வரிப் படிவத்தையும் விசா நகலையும் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. நியூ ஜெர்சி நிர்வாக விதி 6ஏ:22 இதைத் தெளிவாகத் தடுக்கிறது. வருமான வரிப் படிவம், சமூகப் பாதுகாப்பு எண், குடியேற்ற நிலை, வாடகைக் குடியிருப்பு நகர விதிகளுக்கு உட்பட்டதா என்பது ஆகியவற்றைச் சேர்க்கைக்கு நிபந்தனையாகக் கேட்கக்கூடாது. எஃப்-1 விசா மாணவர் மட்டும் விதிவிலக்கு. உங்கள் மகள் எச்-4 என்பதால் அது பொருந்தாது. நீங்களாக விரும்பிக் கொடுத்தால் மட்டும் வாரியம் அவற்றைப் பார்க்கலாம். உங்கள் நிலைமையில் அப்படிக் கொடுக்காதீர்கள். நியூ ஜெர்சியில் வேலை பார்த்துப் பென்சில்வேனியாவில் குடியிருப்பவர் என்று சொல்லி, இரு மாநில வரி ஒப்பந்தத்தின்படி என்ஜே-165 படிவத்தில் கையெழுத்திட்டிருப்பீர்கள். அது உங்களைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் அந்தக் காகிதம் மேசைக்கு வந்தால் குடும்பத்தின் வீடு எது என்ற கேள்விக்கு அதுவே பதிலாகிவிடும்.

இப்போது பிளேட். பிளேட்டை வைத்து மட்டும் ஒரு பிள்ளையை நீக்க முடியாது. கம்பெனி கார், தாத்தா பெயரில் உள்ள கார், வேறு மாநிலத்தில் இருக்கும் விவாகரத்தான தந்தையின் கார், போன மாதம் குடிவந்தவரின் கார் என்று பள்ளி வாசலில் வெளிமாநில பிளேட் நிற்க நேர்மையான காரணங்கள் நிறைய உண்டு. புகார் வந்தபின் பிளேட் ஒரு துப்பு மட்டுமே. அதற்குப் பிறகுதான் புலனாய்வாளர் வருவார். பல பள்ளி மாவட்டங்களில் இவர்கள் ஓய்வுபெற்ற போலீஸ்காரர்கள். பள்ளி நாட்களில் விடியுமுன் உங்கள் பக்ஸ் கவுண்டி வீட்டுக்கு எதிரே காரை நிறுத்தி உட்கார்ந்து, எத்தனை மணிக்கு விளக்கு எரிந்தது, யார் பையோடு ஏறினார், கார் எந்தப் பாலம் வழியாகப் போனது என்று படத்தோடு குறித்துக்கொள்வார். சில வாரங்களில் புதன் இரவே வந்துவிடுவார்கள் என்கிறீர்களே, அந்த வியாழக்கிழமைக் காலைகள்தான் அறிக்கையில் இருக்கும்.

பிளேட்டைக் கடிதம் வந்தபின் மாற்றாதீர்கள். நியூ ஜெர்சியில் குடியேறியவர் 60 நாளுக்குள் வண்டியைப் பதிவு செய்து, ஓட்டுநர் உரிமத்தையும் மாற்ற வேண்டும். தவறினால் முதல் முறை 250 டாலர் வரை அபராதம். ஆகஸ்டிலிருந்து இங்கேதான் குடியிருக்கிறோம் என்று வாரியத்தில் சொன்னால், மோட்டார் வாகனச் சட்டத்தை மாதக்கணக்கில் மீறியிருக்கிறீர்கள். மீறவில்லை, நாங்கள் பென்சில்வேனியாக்காரர்கள்தான் என்றால் பள்ளி வழக்கில் தோற்றீர்கள். இரண்டில் எது உண்மையோ அதை முதலில் முடிவு செய்யுங்கள். பிளேட் அதன் பின்னால் போகட்டும். இன்ஷூரன்ஸும் இதில் சேர்ந்ததே. கார் இரவில் எந்த விலாசத்தில் நிற்கிறது என்று பாலிசியில் சொல்லியிருக்கிறீர்களோ, அது பொய்யானால் விபத்து நடந்த பின் கம்பெனி பணம் தர மறுக்கலாம். 250 டாலரைவிட நான் அஞ்சுவது அதற்குத்தான்.

லீஸ் போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். போதாது. இலவசக் கல்வி உரிமை தரும் சட்டம் 18ஏ:38-1. பெற்றோரின் நிரந்தர வசிப்பிடம், அதாவது டொமிசைல், அந்தப் பள்ளி மாவட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஒரு ஊரில் உடலால் தங்குவதும், அதுதான் என் வீடு என்று நினைப்பதும் சேர்ந்தால்தான் டொமிசைல். இரண்டு இடத்தில் வாடகை கட்டலாம், டொமிசைல் ஒன்றுதான் இருக்கும். டொமிசைல் வேறிடத்தில் இருந்தாலும், தற்காலிகமாக அந்த ஊரில் தங்கியிருக்கும் பெற்றோரின் பிள்ளைக்கும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் மாவட்டம் கேட்டால், அந்தத் தங்கல் பள்ளிக்காக மட்டும் இல்லை என்று பெற்றோர் நிரூபிக்க வேண்டும். உங்கள் கடிதத்திலேயே “நல்ல பள்ளியில் தொடங்கட்டும் என்று லீஸுக்கு எடுத்தோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு காரணம் எதுவும் இல்லையென்றால் லீஸ் எத்தனை பக்கம் இருந்தாலும் வழக்கு அங்கேயே முடிகிறது. நம்மவர் குடும்பங்கள் பல இதே இடத்தில்தான் சறுக்குகின்றன. வாடகை கட்டுகிறோம், ஏமாற்றவில்லை என்று மனதார நம்புகிறார்கள். வாடகை கட்டியதை வாரியமும் மறுப்பதில்லை, அது கேட்பது ஏன் கட்டினீர்கள் என்பதைத்தான்.

வேறு காரணம் உண்மையிலேயே இருந்தால் கதை மாறும். மனைவிக்கு அந்தப் பக்கம் வேலை அனுமதியும் வேலையும் கிடைத்திருக்கலாம், பக்ஸ் கவுண்டி வீட்டை விற்கப் போட்டிருக்கலாம், உங்கள் அலுவலகத்துக்கு அருகே குடும்பமாக வர முடிவு செய்திருக்கலாம், நீங்கள் இருவரும் பிரிந்து வாழ்பவர்களாக இருக்கலாம். ஒரு பெற்றோர் ஒரு மாவட்டத்திலும் மற்றவர் வேறிடத்திலும் இருந்து, நீதிமன்ற உத்தரவும் இல்லையென்றால், பள்ளி ஆண்டின் பெரும்பகுதி பிள்ளை யாரோடு வசிக்கிறாள் என்று விதி பார்க்கிறது. நிரூபிக்கும் பொறுப்பு உங்கள்மேல். சந்தேகமற நிரூபிக்கத் தேவையில்லை, உங்கள் பக்கம் தராசு சற்றே சாய்ந்தால் போதும்.

அதற்கு என்ன காகிதம்? லீஸையும் வாடகை கட்டிய வங்கிப் பதிவையும் எல்லோரும் கொண்டுவருவார்கள். அனுபவமுள்ள வாரிய வழக்கறிஞர் மின்சார பில்லில் பெயரைப் பார்க்க மாட்டார், யூனிட்டைப் பார்ப்பார். மாதம் 40 யூனிட் என்றால் அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் ஓடியிருக்கிறது. தாயும் மகளும் சமைத்து, குளித்து, துணி துவைத்து வாழ்ந்த வீட்டின் பில் அப்படி இருக்காது. பாலத்தில் டோல் கட்டணத்தைத் தானாகப் பிடிக்கும் ஈ-ஸீபாஸ் கருவியின் பதிவும் அப்படித்தான்: பென்சில்வேனியா பக்கம் போகும் டோல் வெள்ளி மாலை மட்டும் விழுந்திருந்தால் அது உங்கள் சிறந்த சாட்சி; தினமும் மாலை 4 மணிக்கு விழுந்திருந்தால் அந்தப் பதிவை எடுக்கவே வேண்டாம், சமரசம் பேசுங்கள். இவற்றோடு குழந்தை மருத்துவர், நூலக அட்டை, மருந்துக்கடை, மளிகைச் செலவின் கிரெடிட் கார்டு பதிவு ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். பென்சில்வேனியா வீட்டுக்கு முதன்மை வசிப்பிடம் என்று ஹோம்ஸ்டெட் வரிச் சலுகை வாங்கியிருந்தால் அது எதிர்த்தரப்புக்குக் கிடைக்கும் என்றே வைத்துக்கொண்டு தயாராகுங்கள். ஏற்கத்தக்க ஆவணப் பட்டியலில் வாக்காளர் பதிவும் இருக்கும். அதை நீங்கள் தொடவே கூடாது. மோட்டார் வாகன ஆணையத்தின் கவுண்டரில் உரிமம் மாற்றும்போதும் வாக்காளராகப் பதியலாமா என்று கேட்பார்கள், வேண்டாம் என்று குறிக்க மறக்காதீர்கள். குடிமகன் அல்லாதவர் குடிமகன் என்று ஒப்பமிட்டுவிட்டால் பள்ளிப் பிரச்சினை அதற்கு முன் ஒன்றுமே இல்லை.

அண்ணன் வீட்டு விலாசம்: கூடவே கூடாது. உறவினர் அல்லது நண்பர் வீட்டில் பிள்ளை வளர்வதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அந்த வீட்டார் பணம் வாங்காமல் தம் பிள்ளைபோல் வளர்க்க வேண்டும். குடும்பக் கஷ்டத்தாலோ பணக் கஷ்டத்தாலோ பெற்றோரால் வளர்க்க முடியவில்லை என்று இரு தரப்பும் சத்தியப் பிரமாணம் தர வேண்டும். பள்ளிக்காக மட்டும் என்றால் அது செல்லாது. பொய்யாக விலாசம் கொடுத்தவரும், பிள்ளையை ஒப்படைத்துவிட்டதாகப் பொய் சொன்னவரும் ஒழுங்கீனக் குற்றம் செய்தவர்கள். 6 மாதம் வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். உதவிக்கு வந்த மனிதரையும் அவர் விசாவையும் சேர்த்து இழுத்துவிடுவீர்கள். இதற்கெல்லாம் வழக்கு போடுவார்களா என்று நினைக்க வேண்டாம். 2011-ல் ஒஹாயோவின் ஆக்ரனில் ஒரு தாய், தன் தந்தையின் விலாசத்தில் பிள்ளைகளைப் பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்பியதற்காக ஆவணத் திருத்தக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டு 9 நாள் சிறையில் இருந்தார். அதே ஆண்டில் ஆளுநர் ஜான் கேசிக் அதைச் சிறு குற்றமாகக் குறைத்தார்.

பணம். வாரியம் உங்களுக்கு எதிராக முடிவெடுத்தால், அந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் மாநிலக் கல்வி ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். வழக்கறிஞர் இல்லாமலும் பெற்றோரே மனு போடலாம். அந்த 21 நாளும், மேல்முறையீடு நடக்கும் காலமும் மகள் அதே பள்ளியில் தொடரலாம். வழக்கு நிர்வாக நீதிபதியிடம் போய்ச் சாட்சி விசாரணை நடக்கும், இறுதி முடிவு ஆணையருடையது. ஆனால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். தோற்றால், தகுதியின்றிப் படித்த ஒவ்வொரு நாளுக்கும் அந்த மாவட்டத்தின் ஆண்டுச் செலவில் 180-ல் ஒரு பங்கு விழும். மேல்முறையீட்டுக்கு முந்தைய காலத்துக்கு ஓராண்டு வரையும், மேல்முறையீடு நடந்த நாட்களுக்குத் தனியாகவும் கேட்கலாம். ஒரு மாணவருக்கு ஆண்டுச் செலவு 18,000 டாலர் என்று வைத்தால் நாளுக்கு 100 டாலர். செப்டம்பரிலிருந்து 80 பள்ளி நாட்களுக்கு 8,000, மேல்முறையீட்டில் இன்னும் 90 நாள் ஓடினால் 17,000. வழக்கு பலவீனம் என்று தெரிந்தும் ஆண்டை ஓட்டுவதற்காக மேல்முறையீடு செய்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

கிரீன் கார்டு பற்றி. தகுதியில்லை என்று வாரியம் சொல்வது குற்றத் தீர்ப்பு இல்லை. அதனால் மட்டும் விசா போகாது. ஆபத்து சத்தியப் பிரமாணத்தில் எழுதும் பொய்யில்தான் இருக்கிறது. மோசடி கலந்த குற்றத்தில் தண்டனை என்றால், சிறிய குற்றமானாலும், குடியேற்ற அதிகாரி அதை ஒழுக்கக்கேடான குற்றமாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. எந்தக் குற்ற ஒப்புதலிலும் கையெழுத்திடுமுன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும் ஐ-485 படிவத்தில் கடந்த 5 ஆண்டு விலாசங்களை எழுத வேண்டும். பள்ளியில் சொன்னதும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். மனைவியும் மகளும் உண்மையாகவே குடிபெயர்ந்திருந்தால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஆளுக்கொரு ஏஆர்-11 விலாச மாற்றப் படிவம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் இப்போது கொடுங்கள், குடிபோன சரியான தேதியைப் போட்டு. முன்தேதி போடாதீர்கள்.

நீங்கள் எழுதியதை வைத்து என் கருத்து: அந்தத் தங்கல் பள்ளிக்காக மட்டும்தான் என்றால், விசாரணைக்கு முன்பே வாரிய வழக்கறிஞரிடம் பேசுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாத உடன்படிக்கை, தவணையில் கட்டணம், செமஸ்டர் முடியும்வரை அல்லது ஜூன்வரை கட்டணம் செலுத்தும் வெளியூர் மாணவராகத் தொடர அனுமதி, இவை மூன்றையும் கேளுங்கள். கட்டணத்தோடு வெளியூர் மாணவரைச் சேர்க்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு, கட்டாயம் இல்லை. முழுக் குடும்பமும் மாறத் தீர்மானித்தால் மாறுங்கள். அது அன்றிலிருந்துதான் செல்லும், கடந்த நாட்களின் கட்டணத்தை அழிக்காது. அப்போது பிளேட்டையும் உரிமத்தையும் 60 நாளுக்குள் மாற்றுங்கள். கார் கடனில் இருந்தால் டைட்டில், அதாவது வண்டியின் உரிமைச் சான்று, வங்கியிடம் இருக்கும். அதை நியூ ஜெர்சிக்கு அனுப்ப வைக்கவே வாரங்கள் ஆகும் என்பதால் குடிபோன முதல் வாரமே வங்கிக்கு எழுதுங்கள்.

பக்ஸ் கவுண்டிக்கே திரும்புவதானால், பிறப்புச் சான்று, தடுப்பூசிப் பதிவு, வீட்டு ஆவணம், சத்தியப் பிரமாணப் பதிவுப் படிவம் ஆகியவற்றைக் கொடுத்த 5 வேலை நாளுக்குள் அந்த மாவட்டம் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிளம்புமுன் இங்குள்ள கவுன்சலரிடம் இதுவரை எடுத்த மதிப்பெண், பாடத்திட்டம், கணிதப் பாடத்தின் நிலை மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். நடு ஆண்டில் மாறும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அங்கே எந்தக் கணித வகுப்பு என்பது அந்தக் காகிதத்தை வைத்துத்தான் முடிவாகும்.