நாஸ் பெட்டி வாங்குமுன் கடவுச்சொல்லைச் சரிபாருங்கள்

கேள்வி: கொட்டாஞ்சேனையில் திருமண அழைப்பிதழ் வடிவமைக்கும் சிறிய நிலையமொன்றை நடத்துகிறேன். வேலைக் கோப்புகள் யாவும் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் பழைய கணினியில் உள்ளன. முன்பிருந்த விண்டோஸ் கணினியில் கடவுச்சொல் இன்றியே திறந்த அந்தக் கோப்புறை, அண்மையில் வாங்கிய விண்டோஸ் 11 புரோ கணினியில் திறக்க மறுக்கிறது. மக்புக்கிலிருந்து புதிய கணினிக்குள் நுழைய முயன்றால் கடவுச்சொல் கேட்கிறது. தினமும் அடிக்கும் நான்கு இலக்கங்களைக் கொடுத்தால் பிழை என்கிறது. கணினியை விற்ற கடைக்காரர், வலையமைப்புச் சேமிப்பகமான நாஸ் பெட்டியை வாங்கினால் எல்லாம் சரியாகும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: இந்தக் காரணத்துக்காக வாங்க வேண்டாம். விண்டோஸ், மக், உபுண்டுவில் கோப்புகளைப் பகிரும் மென்பொருளான சம்பா ஆகிய மூன்றும் கோப்புப் பகிர்வுக்கு எஸ்எம்பி என்ற ஒரே நெறிமுறையையே பயன்படுத்துகின்றன. நாஸ் பெட்டியும் விண்டோஸுடன் அதே நெறிமுறையில்தான் பேசும் என்பதால், அதிலும் கடவுச்சொல் இல்லாத பகிர்வை வைத்தால் உங்கள் புதிய கணினி அதையும் மறுத்துவிடும்.

முதலில் மக்புக்கைப் பார்ப்போம். கடவுச்சொல் கேட்கும் கட்டம் தோன்றுகிறது என்றால் கேபிள், ரவுட்டர், ஃபயர்வால் எவற்றிலும் குறையில்லை என்று பொருள். நீங்கள் அடிக்கும் நான்கு இலக்கங்கள் பின் எண். அது அந்தக் கணினியின் முன்னால் அமர்ந்து நுழைவதற்கு மட்டுமே செல்லும், வலையமைப்பு வழியாக ஒருபோதும் செல்லாது. புதிய கணினியில் பகிர்வுக்கென்றே கடவுச்சொல்லுடன் ஓர் உள்ளகப் பயனர் கணக்கை உருவாக்கி, பகிரும் கோப்புறையில் அந்தக் கணக்குக்கு வாசிக்கவும் எழுதவும் அனுமதி கொடுத்து, மக்கில் அதே பெயரையும் கடவுச்சொல்லையும் இடுங்கள். பின்னர் மக்கிலுள்ள கோப்புகளை விண்டோஸிலிருந்து எடுக்க விரும்பினால், மக்கின் கோப்புப் பகிர்வு அமைப்பில் விண்டோஸ் பகிர்வுக்கான பட்டியலில் உங்கள் பயனர் பெயருக்கு எதிரே சரிக்குறி இட வேண்டும். பலர் தவறவிடும் இடம் இது.

உபுண்டு கோப்புறையின் சிக்கல் வேறு. 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 புரோ, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை இயல்பாகவே ஏற்பதில்லை. பழைய கணினி ஏற்றதைப் புதியது மறுப்பதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். இதற்கு மருந்தாக, அந்தத் தடையை நீக்கும்படியோ பழைய எஸ்எம்பி 1ஐ மீண்டும் இயக்கும்படியோ சொல்லும் காணொளிகள் ஏராளம். தயவுசெய்து அவற்றைப் பின்பற்ற வேண்டாம். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வன்னாகிரை என்ற தீநிரல் பரவியது எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். வாடிக்கையாளர்களின் பெயர்களும் முகவரிகளும் கிடக்கும் கணினியில் அந்தக் கதவைத் திறந்து வைப்பது முறையல்ல. உபுண்டுவிலேயே பயனருக்குக் கடவுச்சொல் அமைத்துவிட்டால் போதும். ஆனால் உபுண்டுவில் நுழையும் கடவுச்சொல்லைச் சம்பா தானாக எடுத்துக்கொள்வதில்லை. சம்பாவுக்கென அதைத் தனியாகப் பதிய வேண்டும். பழகியவருக்குச் சில நிமிட வேலை.

இவற்றுக்குப் பிறகும், உபுண்டு கணினி அணைந்திருக்கும்போது கோப்புகள் தேவைப்படுகின்றன என்றால் நாஸ் வாங்குவதில் நியாயம் உண்டு. அப்போது எஸ்எம்பி 3 உள்ளதா என்று கேளுங்கள். வன்தட்டுகள் விலையில் அடங்குமா என்பதையும் கேளுங்கள், ஏனெனில் பல பெட்டிகள் வெறுமையாகவே விற்கப்படுகின்றன. கடைக்காரர் வாயால் சொல்லும் உறுதிமொழியையும் உத்தரவாதக் காலத்தையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். சொன்னபடி பொருள் அமையாமல் கடையும் கைவிரித்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடும்போது கையில் இருக்க வேண்டியது அந்தப் பற்றுச்சீட்டுத்தான்.