படத்துக்கும் பாட்டுக்கும் எண்டு பதிஞ்சுபோட்டு பாவிக்காம விட்டதெல்லாம் பிறகு என்ன ஆகுது?

முக்கால்வாசி இல்லாமப் போகுது. அழிக்கோணும் எண்டு நினைச்சு அழிக்கிறது குறைவு, கனதரம் அதுக்கு மேல வேற ஒண்டு பதிஞ்சிடும், அவ்வளவுதான். நான் சினிமாக்காரன் இல்ல, திருகோணமலையில 2001ல இருந்து கலியாண வீடியோ எடுக்கிறவன், ஆனா இந்தக் கேள்விக்கு என்னட்டயும் ஒரு பதில் கிடக்கு, கொஞ்சம் வெக்கமான பதில்.

முதல்ல பெரிய ஆக்களின்ட கதை. இங்கிலாந்துப் பாட்டுக்குழு பீட்டில்ஸ் 1969 ஜனவரியில பாட்டுப் பழகினதைப் படம் பிடிச்சது கிட்டத்தட்ட 60 மணித்தியாலம், சத்தம் மட்டும் 150 மணித்தியாலத்துக்கு மேல, அதுல இருந்து 1970ல வந்த படம் ஒண்டரை மணித்தியாலம் கூட இல்ல. மிச்சம் அரை நூற்றாண்டு பெட்டிக்குள்ள கிடந்து 2021ல டிரெக்டர் பீட்டர் ஜக்சன் எடுத்து எட்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடுற தொடரா விட்டார். பழைய படத்தைப் பாத்தாக்கள் இவங்கள் எந்த நேரமும் கொழுவிக்கொண்டு இருந்தவங்கள் எண்டுதான் நினைச்சவை, மிச்சத்தைப் பாத்தா கனநேரம் பகிடி விட்டுச் சிரிச்சுக்கொண்டு இருக்கிறாங்கள்.

எனக்குக் கூடப் பிடிச்ச கதை அமெரிக்கப் பாட்டுக்காரி அரீதா ஃபிராங்ளின்ட. 1972ல லொஸ் ஏஞ்சல்ஸில ஒரு சேர்ச்சில ரெண்டு இரவு பாடினவ, பாட்டு அந்த வருசமே இசைத்தட்டா வந்து பிச்சுக்கொண்டு போச்சு, ஆனா படம் வரேல்ல, ஏனெண்டா டிரெக்டர் சிட்னி பொலக், படத்தையும் சத்தத்தையும் பொருத்த அடையாளத்துக்கு அடிக்கிற கிளாப்பை அடிக்காம எடுத்துப்போட்டார், எந்தச் சத்தம் எந்த ரீலுக்கு எண்டு பொருத்த ஏலாமப் போச்சு. பிறகு கொம்பியூட்டர் வந்து பொருத்தினாலும் அவவே கோர்ட்டுக்குப் போய் மறிச்சவ, கடைசியா 2018ல அவ மோசம்போனாப் பிறகுதான் வெளியில வந்தது. நான் இப்ப ரெண்டு கமரா வைச்சா ஒருக்கா கையைத் தட்டிப்போட்டுத்தான் தொடங்குவன், சபையில சனம் சிரிக்கும், சிரிக்கட்டும்.

தமிழ்ல எண்டா "தூரத்தில் நான் கண்ட உன் முகம்", 1980ல வந்த நிழல்கள், இளையராஜா, ஜானகி. இசைத்தட்டில இருக்கு, படத்தில இல்ல. அடுத்த வருசம் அலைகள் ஓய்வதில்லையில "புத்தம் புது காலை"யும் இதே கதைதான். இது தெரியாம எங்கட பெரியண்ணை அந்தப் பாட்டுக்காகவே நிழல்கள் கொப்பியை வாடகைக்கு எடுத்து, கரண்ட் இல்லாத காலம், ஜெனரேற்றருக்கும் காசு குடுத்து, இந்தா வரும் இந்தா வரும் எண்டு கடைசி மட்டும் இருந்து, வரேல்ல எண்டதும் கொப்பி அடிச்சவன் வெட்டிப்போட்டான் எண்டு கடைக்காரரோட சண்டைக்குப் போனவர். இண்டைக்கும் நான் சொன்னா நம்பமாட்டார். அந்தப் பாட்டுகள் தப்பினது தட்டில ஏறினதாலதான், ஏறாதது எத்தினையோ.

இப்ப என்ட கதை. 2002ல போர்நிறுத்த ஒப்பந்தம் வந்த பிறகு வெளிநாட்டில இருந்து சனம் வந்து இஞ்ச கலியாணம் செய்யத் தொடங்கிச்சு, எனக்கு நல்ல உழைப்பு. அப்ப மினி டீவீ கசெட், ஒண்டு 60 நிமிசம், கொம்பியூட்டர்ல ஏத்தினா 13 ஜீபி பிடிக்கும், என்னட்ட இருந்த டிஸ்க் மொத்தமே 80 ஜீபி. அதால எடிட் பண்ணிக் குடுத்த உடன டிஸ்க்கை அழிச்சு, கசெட்டை அடுத்த வீட்டுக்குக் கொண்டு போயிடுவன். எடிட் எண்டா தாலி கட்டேக்க கெட்டிமேளம் ஒரு பத்துச் செக்கன், மற்ற எல்லா இடத்திலயும் நாதஸ்வரம் தவிலை மியூட் பண்ணிப்போட்டு சினிமாப் பாட்டு. வீட்டுக்காரர் கேக்கிறதும் அதைத்தான்.

2019ல ஒரு பெடியன் வந்தான். "அண்ணை, 2003ல சாம்பல்தீவில ஒரு கலியாணம் நீங்கள்தானே எடுத்தது, எங்கட அப்பாதான் தவில்." அப்பா மோசம்போயிட்டார், அவர் வாசிச்சது வீட்டில ஒண்டும் இல்ல, ஆரிட்டயோ இந்த டீவிடி இருக்கெண்டு அறிஞ்சு வாங்கிப் பாத்திருக்கிறான். அப்பா இருக்கிறார், ரெண்டு கையும் பறக்குது, சத்தம் ஏதோ டூயட் பாட்டு. "ஒறிஜினல் இருக்கோ அண்ணை?"

மூண்டு நாள் தேடினன். கடல் காத்து பட்டு பாதிக் கசெட்டில வெள்ளையா பூஞ்சணம், ஹெட்டைத் துடைச்சுத் துடைச்சு ஒவ்வொண்டாப் போட்டன். தாலி கட்டின ரெண்டாவது கசெட் முழுக்கப் போச்சு. முதல் கசெட்டுக்கு மேல வேற ஆற்றயோ சாமத்தியவீடு, அது 53 நிமிசத்தில முடிஞ்சு நீலத்திரை வந்து, திரும்பப் படம் வந்தா அந்தச் சாம்பல்தீவு முத்தம். மாப்பிள்ளையின்ட கார் வரப் பிந்தினதால சும்மா எடுத்தது. பெடியன்ட அப்பா தவில் வாரை இழுத்து இறுக்கிறார், விரலுக்குக் கூடு ஒவ்வொண்டாப் போடுறார், ஆரிட்டயோ பிளேன்ரீ கேக்கிறார், அது வரும் வரைக்கும் ஒரு ரெண்டு நிமிசம் கையை இளக்கிறதுக்கு வாசிக்கிறார், ஆருக்கும் எண்டு இல்லாம.

பெடியன் அழுவான் எண்டு நினைச்சன், அழேல்ல. தொடையில தாளம் போட்டு எண்ணிக்கொண்டு இருந்தான். "திரும்பப் போடுங்கோ அண்ணை." போட்டன். நாலாந்தரம் முடிஞ்சாப் பிறகுதான் வாய் திறந்தான், "அப்பர் இந்தத் தாளக் கோர்வையை எங்களுக்குச் சொல்லித்தரேல்ல." ஃபேனை நிப்பாட்டச் சொல்லி, போனிலயும் ஒருக்கா பதிஞ்சுகொண்டு போனான். காசு வாங்க எனக்கு மனம் வரேல்ல.

அதுக்குப் பிறகு மேளக்காரற்ற சத்தத்தை வெட்டாம, திகதியும் ஊரும் போட்டு தனி போல்டரில வைக்கிறன். கலியாண வீடியோவில இப்பவும் சினிமாப் பாட்டுத்தான். இவ்வளவு காலத்தில வந்து கேட்டது ரெண்டு பேர்.