சிறுவயதில் பட்ட பணக்கஷ்டம் ஒருவரின் அரசியலை மாற்றுமா?

மாற்றும். ஆனால் கஷ்டம் எந்த வயதில் வந்தது, அப்போது பக்கத்தில் யார் நின்றார் என்பதைப் பார்க்காமல் வறுமையை மட்டும் அளந்து பயனில்லை. எங்கள் வீட்டிலேயே இதற்கு மூன்று சாட்சிகள் உண்டு. ஊர் மலேசியாவின் பேராக், சுங்கை சிப்புட். ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்த குடும்பம்.

அப்பா சிறுவனாக இருந்தபோது தோட்டத் துண்டாடல் நடந்தது. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்க, பால்வெட்டும் போய் லயமும் போய்ச் சனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர்க்காரரும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சித் தலைவருமான வீ.தி. சம்பந்தன், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) சேர்த்து அவர்கள் பேரிலேயே தோட்டம் வாங்கினார்கள். தாத்தாவும் பங்கு போட்டார். அந்தப் பங்குப் புத்தகம் இன்றும் அப்பாவின் பிஸ்கட் டின்னில் இருக்கிறது.

பிறகு 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று வந்தது. பாட்டியிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அட்டை. பல்லாயிரம் பேர் அப்போது இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பாட்டி எப்படியோ தப்பினார். சாகும்வரை அந்த அட்டை அவர் சுருக்குப்பையை விட்டு வெளியே வரவில்லை. அப்பாவுக்கு அப்போது இருபதைத் தாண்டிய வயது. "கட்சியும் சங்கமும் இல்லேன்னா நம்மளையும் கப்பல்ல ஏத்தியிருப்பானுங்க" என்பார். அவர் ஓட்டு எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம்.

எனக்கு இருபது வயது ஆனது 1998இல், ஆசிய நிதி நெருக்கடியின் நடுவில். பிறையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஜனவரியில் டாலருக்கு 4.88 ரிங்கிட் வரை போனது. வருட நடுவில் வங்கி வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரமே 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஷிப்டை வாசலிலேயே நிறுத்திக் கடிதம் கொடுத்தார்கள். தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிளை இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பா எனக்காக ஏறி இறங்கிய அலுவலகங்களில் ஒன்றிலும் பதில் வரவில்லை. அவருக்குக் கைகொடுத்த இடம் எனக்கு மூடிய கதவு. 2008 தேர்தலில் இதே சுங்கை சிப்புட்டில் 1974 முதல் ஜெயித்து வந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலு, எதிரணியின் டாக்டர் ஜெயக்குமாரிடம் தோற்றாரே, அந்த ஓட்டுகளில் ஒன்று என்னுடையது. அப்பா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

ஜூலியானோ, ஸ்பிலிம்பெர்கோ என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்கக் கருத்துக்கணிப்புகளை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார்கள். 18 முதல் 25 வயதுக்குள் மந்தநிலையைப் பார்த்தவர்கள், முன்னேற்றத்துக்கு உழைப்பைவிட அதிர்ஷ்டமே காரணம் என்று நம்புவதும், அரசு இல்லாதவருக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்று கேட்பதும் அதிகம். மால்மெண்டியர், நாகல் இருவரின் 2011 கட்டுரை பணத்தைப் பற்றியது: பங்குச்சந்தை படுத்திருந்த காலத்தில் வாழ்ந்தவர்கள் பிறகும் பங்குகளில் பணம் போடத் தயங்குகிறார்கள். படித்தபோது யாரோ என் சட்டைப்பைக்குள் கைவிட்டுப் பார்த்த மாதிரி இருந்தது.

ஆனாலும் இது சராசரிக் கணக்குதான். அதே ஷிப்டில் வேலை போன என் கூட்டாளி இன்று லோரி வைத்திருக்கிறான். "உழைச்சா மேல வரலாம், கவர்மெண்ட எதிர்பார்க்கிறவன் சோம்பேறி" என்று என்னிடமே சொல்வான். அன்று அவனுடைய மாமா ஒருவர் அடுத்த வாரமே அவனைத் தன் லோரியில் ஏற்றிக்கொண்டார் என்பதை மட்டும் சொல்ல மாட்டான். நானும் கேட்பதில்லை, நட்பு முக்கியம்.

மூன்றாவது சாட்சி என் அக்கா மகன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அவனுக்கு இருபது. சாப்பாடு டெலிவரி ஓட்டினான். அக்கா ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎஃப் பணத்தை எடுத்துத்தான் வீட்டு வாடகை கட்டினாள். மறுவருடம் பக்கத்து வரிசையில் ஒரு வீட்டில் உதவி வேண்டும் என்பதற்கு அடையாளமாக வெள்ளைக்கொடி தொங்கியது. அரிசி கொண்டுபோய்க் கொடுத்தது இவனும் இவன் கூட்டாளிகளும்தான். கட்சிப் பேச்சு எடுத்தாலே போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். வயசான காலத்துக்கு என்று காசைப் பூட்டிவைப்பது அவனுக்குச் சிரிப்பு.

போன வருடம் ஒரு பழைய மைவி கார் வாங்கினேன், முழுக்க ரொக்கமாக. விற்பனையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒம்பது வருஷ லோன் போட்டிருந்தா புதுசே வாங்கியிருக்கலாமே மாமா" என்றான் அவன்.

அப்பா காரை ஒரு சுற்று சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தார். "கூட்டுறவுச் சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டியாடா?"