பழைய செங்கல் சுவருக்கு சிமெண்ட் பாயிண்டிங் செய்யலாமா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் எங்கள் வீடு தாத்தா கட்டியது, 90 வயதாவது இருக்கும். பூச்சில்லாத கொல்லைப்புறச் சுவரில் செங்கல் இடுக்குக் காரை விரல் பட்டாலே மணலாகக் கொட்டுகிறது. முழுச் சுவருக்கும் சிமெண்ட் பாயிண்டிங் செய்து, அதாவது இடுக்குகளில் சிமெண்ட் கலவை அடைத்து, மேலே வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்தால் பத்து வருடம் கவலையில்லை என்கிறார் ஒப்பந்தக்காரர். சதுர அடிக் கணக்கில் விலையும் சொல்லிவிட்டார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டீர்களே, நல்லது.

அந்தக் காலத்து வீடு என்றால் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரைதான். சுவர் குடிக்கும் ஈரம் அந்த மெத்தென்ற காரை வழியாகத்தான் வெளியேறுகிறது. அங்கே சிமெண்டை அடைத்தால் ஈரம் செங்கல் வழியே வெளியேறப் பார்க்கும். கூடவே வரும் உப்பு செங்கலின் முகத்தில் தங்கி, அதைப் பொரியவைக்கும். சில வருடத்தில் சிமெண்ட் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டிருக்க, செங்கல் உள்ளே குழிந்திருக்கும். காரை போனால் திரும்ப வைத்துக்கொள்ளலாம். அந்த அளவுச் செங்கலுக்கு இன்று எங்கே போவது? வெள்ளை சிமெண்டும் சிமெண்ட்தான். அந்த பெயிண்டும் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூரைத் தண்ணீர் சுவரில் வழிகிறதா, குளியலறைக் குழாய் கசிகிறதா? அதைச் சரிசெய்யாமல் எந்தக் காரையும் நிற்காது. படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடி அகலமாகிக்கொண்டே போனாலோ, சுவர் உப்பியிருந்தாலோ, கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அது பாயிண்டிங்கில் தீராது.

அப்புறம் விலை. முழுச் சுவருக்கும் ஏன் கொடுக்க வேண்டும்? ஒரு ஸ்க்ரூடிரைவரால் இடுக்குகளைக் கீறிப் பாருங்கள். சுலபமாக உள்ளே இறங்கும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து, அதற்கு மட்டும் விலை கேளுங்கள்.

இடுக்குகளில் மறுபடியும் சுண்ணாம்புக் காரையே வையுங்கள். அதற்குச் சுட்ட சுண்ணாம்பைக் கல்லாகவே வாங்குங்கள். ஒரு கட்டியைத் தண்ணீரில் போட்டால் சீறி, சூடாகி, விரிந்து மாவாக உடைய வேண்டும். சும்மா கிடந்தால் அது காற்றுப்பட்டுச் செத்த சரக்கு. இப்படித் தண்ணீர் விட்டு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். நீற்றியதைக் குறைந்தது இரண்டு வாரம் தண்ணீருக்கடியில் ஊறவிட்டு, சுண்ணாம்பு ஒரு பங்குக்குச் சலித்த மணல் மூன்று பங்கு கலக்கலாம். ஈரம் தங்கும் சுவர் என்பதால் மணலில் ஒரு பங்குக்குப் பதில் செங்கல் தூள் சேர்த்தால் நன்றாக இறுகும்.

பழைய காரையை உளியால் சுமார் ஓர் அங்குல ஆழம் எடுக்கச் சொல்லுங்கள். கட்டிங் மெஷினை அனுமதிக்காதீர்கள், செங்கல் ஓரமெல்லாம் போய்விடும். தூசியைத் தட்டி, சுவரை நனைத்து, கலவையை அடுக்கடுக்காக அழுத்தி வைக்க வேண்டும். பிறகு ஒரு வாரமாவது ஈரச் சாக்கு தொங்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் சித்திரை வெயிலிலும் இந்த வேலை வேண்டாம். தை, மாசிதான் தோது.

சுண்ணாம்பு வேலை பழகிய கொத்தனாரைத் தேடி, முதலில் மூன்றடிக்கு மூன்றடி மாதிரி செய்யச் சொல்லுங்கள். காய்ந்ததைப் பார்த்துப் பிடித்தால் மீதியைக் கொடுங்கள். என்ன கலவை, எத்தனை ஆழம், யார் பொருள் என்பதை எழுதி வாங்கி, ரசீதுடன் தவணையாகப் பணம் கொடுங்கள். பேசியபடி செய்யாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் 2 வருடத்துக்குள் போக வேண்டும், அந்த எழுத்தும் ரசீதும் அங்கே தேவைப்படும்.