ஒரு ஃபைலுக்கு ஒரே எஜமான்: ஆன்சிபிள் சந்தேகங்களுக்குப் பதில்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 30 உபுண்டு சர்வர்கள். ஆறு மாதமாக ஆன்சிபிள் (பல சர்வர்களை ஓரிடத்திலிருந்து அமைக்கும் கருவி) வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று விஷயம் பிடிபடவில்லை. ஃபைலை சர்வருக்கு அனுப்பும் காப்பி மாட்யூலில் மோட் (ஃபைலின் அனுமதி) 644 என்று கொடுத்து அனுப்பிய செட்டிங்ஸ் ஃபைலை அப்ளிகேஷனால் படிக்க முடியவில்லை. நான் கையால் ஓட்டினால் ஒழுங்காக ஓடும் பிளேபுக் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்), குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் க்ரானில் போட்டால் இன்வென்டரியே (சர்வர்களின் பட்டியல்) காலி என்கிறது. மூன்றாவது, கன்ஃபிக் ஃபைல்களை மாற்றுவதற்கு காப்பி, டெம்ப்ளேட் (சர்வருக்கேற்ப மதிப்பை நிரப்பி அனுப்புவது), லைன்இன்ஃபைல் (ஃபைலில் ஒரு வரியை மட்டும் மாற்றுவது) என்று பல வழி இருக்கிறது. எதை எப்போது எடுப்பது?

பதில்: முதல் கேள்வியை முடித்துவிடுவோம், அது சின்னது. ஆனால் இன்றைக்கே சரிசெய்ய வேண்டியது.

நீங்கள் மோட் என்ற இடத்தில் மேற்கோள் குறி இல்லாமல், முன்னால் சுழியமும் இல்லாமல் வெறும் 644 என்று எழுதியிருப்பீர்கள். பிளேபுக், யாமல் என்ற வடிவத்தில் எழுதும் ஃபைல். யாமலுக்கு அது மளிகைக்கடைக் கணக்கில் வரும் சாதாரண அறுநூற்று நாற்பத்து நான்கு. லினக்ஸ் பெர்மிஷனோ ஆக்டல், எட்டை வைத்து எண்ணுவது. சாதாரண 644-ஐ ஆக்டலில் எழுதினால் 1204. அதாவது ஃபைலின் ஓனருக்கு எழுத மட்டும் அனுமதி, படிக்க இல்லை. குரூப்புக்கு ஒன்றுமே இல்லை. சம்பந்தமே இல்லாத மற்றவர்கள் தாராளமாகப் படிக்கலாம். வீட்டுக்காரனிடம் சாவி இல்லை, தெருவில் போகிறவனுக்குக் கதவு திறந்திருக்கிறது! அந்த ஃபைலை எல்எஸ் கட்டளையில் எல் ஆப்ஷன் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், பெர்மிஷன் வரிசையின் கடைசியில் பெரிய எழுத்து டி ஒன்று நிற்கும். 1204-இன் முதல் 1 குறிக்கும் ஸ்டிக்கி பிட் என்ற தனி அனுமதிக் குறியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டதன் அடையாளம் அது.

பல இடங்களில் இது கண்ணில் படாமல் போவதற்குக் காரணம், முழு அதிகாரம் உள்ள ரூட் யூசருக்கு இந்தத் தடை எதுவும் கிடையாது. வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் தன் கன்ஃபிக்கை ரூட்டாக இருந்து படிப்பதால் சத்தமில்லாமல் ஓடும். உங்கள் அப்ளிகேஷன் தனி யூசராக ஓடுகிறது, ஃபைலின் ஓனரோ குரூப்போ அந்த யூசராக இருக்கும், அதனால்தான் மாட்டிக்கொண்டது. மேற்கோள் குறிக்குள் '0644' என்று எழுதுங்கள். பழக்கத்துக்கு அதுதான் நல்லது.

இப்போது க்ரான். ஆன்சிபிள்.சிஎஃப்ஜி என்ற தன் செட்டிங்ஸ் ஃபைலை ஆன்சிபிள் நான்கு இடங்களில், இந்த வரிசையில் தேடுகிறது: ஆன்சிபிள்_கன்ஃபிக் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் காட்டும் இடம், நீங்கள் நிற்கும் ஃபோல்டர், ஹோம் ஃபோல்டரில் புள்ளியோடு ஆரம்பிக்கும் மறைவு ஃபைல், கடைசியாக இடிசி ஃபோல்டருக்குள் இருக்கும் ஆன்சிபிள் ஃபோல்டர். முதலில் கிடைப்பதோடு தேடல் நின்றுவிடும். பலர் தவறாக நினைப்பதும் இங்கேதான்: நான்கையும் சேர்த்துக் குழைத்து ஒரு செட்டிங் உருவாகும் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஆகாது. புராஜெக்ட் ஃபோல்டரில் இரண்டே வரி உள்ள சிஎஃப்ஜி இருந்தாலும், ஹோமில் இருக்கும் ஐம்பது வரி ஃபைலை அது மொத்தமாக மறைத்துவிடும்.

நீங்கள் கையால் ஓட்டும்போது புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நிற்கிறீர்கள். க்ரான் உங்கள் ஹோம் ஃபோல்டரில் நின்று ஓட்டுகிறது. புராஜெக்ட்டின் சிஎஃப்ஜி அதன் கண்ணில் படவே இல்லை. இன்வென்டரி எங்கே என்று தெரியாமல் இடிசி பக்கம் போய்த் தேடி, அங்கே எதுவும் இல்லாததால் காலி என்கிறது. க்ரான் வரியில் முதலில் சிடி போட்டு ஃபோல்டருக்குள் போங்கள், அல்லது அந்த என்விரான்மென்ட் வேரியபிளில் முழுப் பாதையைக் கொடுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். சிஎஃப்ஜிக்குள் இன்வென்டரிக்கும் ரோல்களுக்கும் (டாஸ்க் தொகுப்புகள்) கொடுக்கும் சுருக்கப் பாதைகள் அந்த சிஎஃப்ஜி இருக்கும் இடத்திலிருந்தே கணக்கிடப்படும், அதனால் எங்கிருந்து ஓட்டினாலும் உடையாது.

விண்டோஸ் லேப்டாப்பில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இதே தொல்லை வேறு வேஷத்தில் வரும். சி டிரைவில் இருக்கும் ஃபோல்டர் லினக்ஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் எழுதலாம் என்ற 777 அனுமதியோடு தெரியும். அப்படிப்பட்ட ஃபோல்டரில் நிற்கும் சிஎஃப்ஜியை ஆன்சிபிள் ஏற்காது. யாரோ ஒருவர் உள்ளே வந்து கன்ஃபிக்கை வைத்துவிட்டுப் போயிருக்கலாம் என்ற சந்தேகம், நியாயமான சந்தேகம்தான். எச்சரிக்கை ஒரு வரி வரும், நாம் ஓட்டத்தில் கவனிக்க மாட்டோம். எந்த சிஎஃப்ஜி நடப்பில் இருக்கிறது என்று அறிய ஆன்சிபிள் வெர்ஷன் கேளுங்கள். வெர்ஷனுக்கு அடுத்த வரியிலேயே கன்ஃபிக் ஃபைலின் பாதை வரும். ஆன்சிபிள்-கன்ஃபிக் கட்டளையில் டம்ப் போட்டு, மாறியவை மட்டும் என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் எந்த செட்டிங் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடும்.

சிஎஃப்ஜிக்குள் நான் தொடுவது மிகக் குறைவு. ஃபோர்க்ஸ் (ஒரே நேரத்தில் எத்தனை சர்வரில் வேலை நடக்கும் என்ற எண்) இயல்பாக 5, உங்கள் 30 சர்வர்களுக்கு 15 அல்லது 20 வையுங்கள். பைப்லைனிங்கை ஆன் செய்தால் ஒவ்வொரு டாஸ்க்கிலும் எஸ்எஸ்ஹெச் (சர்வருக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) வழியாகப் போய்வரும் தடவை குறையும், வேகம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் சூடோயர்ஸில் (ரூட் அதிகாரம் தரும் சூடோ கட்டளையின் விதி ஃபைல்) ரிக்வயர்டிடிஒய், அதாவது டெர்மினல் இருந்தாக வேண்டும் என்ற விதி, இருந்தால் சூடோ மறுத்துவிடும், முதலில் அதைப் பாருங்கள். லாக் பாத் (ஓட்டத்தின் பதிவை எழுதும் இடம்) இயல்பாக இல்லை, க்ரானில் ஓட்டுகிறவர் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஹோஸ்ட் கீ செக்கிங்கை (இணைவது அதே சர்வர்தானா என்ற சோதனை) அணைக்கச் சொல்லிப் பாதி யூடியூப் பாடங்கள் ஆரம்பிக்கின்றன. அணைக்காதீர்கள். 30 சர்வர்களின் கீயை ஒரு தடவை சேகரித்துச் சரிபார்த்து வைப்பது அரை மணி நேர வேலை.

இனி பெரிய கேள்வி. காப்பியா, டெம்ப்ளேட்டா, லைன்இன்ஃபைலா?

மாட்யூலைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைத் தீர்மானியுங்கள்: இந்த ஃபைலுக்கு எஜமான் யார்? ஆன்சிபிள்தான் என்றால் முழு ஃபைலையும் அதனிடம் கொடுங்கள். சர்வருக்குச் சர்வர் எதுவும் மாறாது என்றால் காப்பி, ஐபியோ மெமரி அளவோ மாறும் என்றால் டெம்ப்ளேட். வேறு யாரோ எஜமான் என்றால், உதாரணமாக பேக்கேஜ் அப்டேட்டே அந்த ஃபைலை மாற்றும் என்றால், அதைத் தொடாமல் பக்கத்தில் உங்கள் சொந்த ஃபைலை வைக்க வழியிருக்கிறதா பாருங்கள். லைன்இன்ஃபைல் இந்த இரண்டுமே முடியாதபோது கடைசியாக எடுக்க வேண்டியது. ஒரே ஃபைலில் பேக்கேஜ் ஒரு கை, ஆன்சிபிள் ஒரு கை, அவசரத்துக்கு உள்ளே நுழைந்த சக ஊழியர் ஒரு கை என்று வைத்தால், அது ஒரே உறையில் மூன்று கத்தி.

நான் பட்டதைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் எல்லா சர்வரிலும் எஸ்எஸ்ஹெச் பாஸ்வேர்டு லாகினை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு. எஸ்எஸ்ஹெச்டி (சர்வரில் எஸ்எஸ்ஹெச் இணைப்பை ஏற்கும் புரோகிராம்) படிக்கும் எஸ்எஸ்ஹெச்டி-கன்ஃபிக் ஃபைலில் பாஸ்வேர்டு-ஆத்தென்டிகேஷன் நோ என்று லைன்இன்ஃபைலால் போட்டேன். எல்லாம் ஓடி முடிந்தது, ஒரு சிவப்பும் இல்லை. மறுவாரம் ஆடிட் வந்தவர் என் முன்னாலேயே பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனார்.

ஃபைலைத் திறந்தால் நோ என்றுதான் இருந்தது. எஸ்எஸ்ஹெச்டியை பெரிய டி ஆப்ஷனோடு ஓட்டி, நிஜமாக நடப்பில் உள்ளது என்ன என்று கேட்டபோது யெஸ் என்றது. காரணம் இரண்டு. எஸ்எஸ்ஹெச்டி ஒரே செட்டிங்கை இரண்டு இடத்தில் பார்த்தால் முதலில் பார்த்ததையே எடுக்கும், பல மென்பொருள்களைப் போலக் கடைசியை அல்ல. உபுண்டு 20.04 முதல் அந்த ஃபைலின் தலைப்பகுதியிலேயே, எஸ்எஸ்ஹெச்டி-கன்ஃபிக்.டி என்ற ஃபோல்டரில் .கான்ஃப் என்று முடியும் ஃபைல்களையெல்லாம் சேர்த்துப் படி என்று ஒரு இன்க்ளூட் வரி இருக்கிறது. எங்கள் இமேஜில் அந்த ஃபோல்டருக்குள் 50-கிளவுட்-இனிட் என்ற ஃபைல் உட்கார்ந்துகொண்டு யெஸ் என்று சொல்லியிருந்தது. கீழே நான் எழுதிய நோவை யார் கேட்பார்கள்?

சரிசெய்தது இப்படி: அதே ஃபோல்டரில் 00 என்று பெயர் ஆரம்பித்து .கான்ஃப் என்று முடியும் சொந்த ஃபைல் ஒன்றை காப்பியால் வைத்தேன். பெயர் வரிசையில் 50-க்கு முன்னால் படிக்கப்படும். முழு ஃபைலும் என்னுடையது, இன்னொருவர் கை அதில் இல்லை.

லைன்இன்ஃபைல்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால் எந்த வரியை மாற்றுவது என்று அடையாளம் காட்டும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் கவனம் வையுங்கள். கமென்ட் குறியோடு இருக்கும் பழைய வரியை மட்டும் பிடிக்கும்படி எழுதினால் முதல் தடவை அழகாக மாற்றும். பிறகு ஒருநாள் மதிப்பை மாற்றுவீர்கள். அப்போது ஃபைலில் இருக்கும் வரிக்குக் கமென்ட் குறி இல்லை, எக்ஸ்பிரஷன் பிடிக்காது, புது வரி ஃபைலின் அடியில் போய்ச் சேரும். பழைய வரி மேலேயே நிற்கும். எஸ்எஸ்ஹெச்டி எதை எடுக்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு வடிவத்தையும் பிடிக்கும் எக்ஸ்பிரஷனாக இருக்க வேண்டும். பல வரிகளை ஒரு தொகுப்பாகச் சேர்க்கும் பிளாக்இன்ஃபைலிலும் இதே ஜாக்கிரதை: ஒரே ஃபைலில் இரண்டு பிளாக் போட்டால் மார்க்கர் வரியை வேறு வேறாகக் கொடுங்கள், இல்லையென்றால் இரண்டாவது முதலாவதை விழுங்கிவிடும்.

காப்பியிலும் டெம்ப்ளேட்டிலும் வேலிடேட் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது, புது ஃபைலை உரிய இடத்தில் வைக்கும் முன் ஒரு கட்டளையால் சோதித்துப் பார்க்கும். சூடோயர்ஸ் சம்பந்தப்பட்ட எதையும் விசூடோ கட்டளையின் சோதனை இல்லாமல் அனுப்பவே கூடாது. அதில் ஒரு எழுத்து பிசகினால் சூடோ படுத்துவிடலாம், சரிசெய்ய வரும் ஆன்சிபிளுக்கும் சூடோதானே வேண்டும்! ஆனால் என்ஜின்எக்ஸின் ஒரு தனி சைட் ஃபைலை இப்படிச் சோதிக்க முடியாது. அது முழு கன்ஃபிக்கின் ஒரு துண்டுதான், தனியாகக் கொடுத்தால் என்ஜின்எக்ஸ் ஏற்காது. அங்கே ஃபைலை வைத்துவிட்டு, அடுத்த டாஸ்க்கில் முழு கன்ஃபிக்கையும் சோதித்து, அது தேறினால் மட்டும் ரீலோடு.

பேக்கப் ஆப்ஷனைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பழைய ஃபைலை, பெயரோடு தேதியும் நேரமும் கடைசியில் ஒரு அலைக்கோடும் சேர்த்து, அதே ஃபோல்டரில் வைக்கும். உபுண்டுவில் என்ஜின்எக்ஸ் சைட்ஸ்-எனேபிள்டு ஃபோல்டரில் எந்தப் பெயரில் ஃபைல் இருந்தாலும் படித்துவிடும், பேக்கப்பையும் சேர்த்து. டிஃபால்ட் சர்வர் என்று குறித்த சைட் என்றால் ஒன்றுக்கு இரண்டாகி என்ஜின்எக்ஸ் கிளம்பவே கிளம்பாது. ஃபைலை சைட்ஸ்-அவெய்லபிளில் வைத்து, ஃபைல் மாட்யூலால் லிங்க் மட்டும் போடுங்கள். தவிர, பழைய பேக்கப்புகளை ஆன்சிபிள் தானாக அழிப்பதில்லை, குவிந்துகொண்டே போகும். பழைய வடிவங்களையெல்லாம் சேமித்து வைக்கும் கிட் இருக்கும்போது இது எதற்கு?

டாக்கர் கண்டெய்னருக்குள் (அப்ளிகேஷனைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) ஒரே ஒரு ஃபைலை மவுண்ட் செய்திருந்தால் இன்னொரு வேடிக்கை. ஆன்சிபிள் பழைய ஃபைலின் மேல் எழுதுவதில்லை, புது ஃபைல் எழுதி அந்தப் பெயருக்கு மாற்றி வைக்கிறது. கண்டெய்னர் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். ஃபைலுக்குப் பதில் ஃபோல்டரை மவுண்ட் செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சீக்கிரம் கேட்பீர்கள். டெம்ப்ளேட் மாறினால் சர்வீஸை ரீலோடு செய்ய ஹேண்ட்லர் வைத்திருப்பீர்கள். ஹேண்ட்லர்கள் கடைசியில்தான் ஓடும். நடுவில் வேறொரு டாஸ்க் தோற்றால் அந்த சர்வரில் ஹேண்ட்லர் ஓடாது. பிழையைச் சரிசெய்து மறுபடி ஓட்டுகிறீர்கள், ஃபைல் ஏற்கெனவே புதிதாக இருப்பதால் மாற்றமில்லை என்கிறது, ஹேண்ட்லர் இப்போதும் ஓடாது. ஃபைல் புதிது, ஓடும் சர்வீஸ் பழையது, திரை முழுக்கப் பச்சை. ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸை ஆன் செய்யுங்கள், அல்லது முக்கியமான இடத்திலேயே ஃபிளஷ் செய்து, காத்திருக்கும் ஹேண்ட்லர்களை அங்கேயே ஓட்டிவிடுங்கள்.

அதேபோல, பிளேபுக்கிலிருந்து ஒரு டாஸ்க்கை அழித்தால் அது வைத்த ஃபைல் சர்வரிலிருந்து போகாது. ஸ்டேட் ஆப்சென்ட் என்று எழுதி எல்லா சர்வரிலும் ஓடிய பிறகுதான் டாஸ்க்கைத் தூக்க வேண்டும்.

மோட் திருத்தத்தை ஒரே ஒரு சர்வருக்கு லிமிட் போட்டு, செக், டிஃப் இரண்டு ஆப்ஷனோடும் முதலில் ஓட்டுங்கள். டிஃப் ஃபைலின் உள்ளடக்கத்தையே திரையில் காட்டும், லாக்கிலும் எழுதும். பாஸ்வேர்டு உள்ள டாஸ்க்குகளில் நோ-லாக் போட்டுவிடுங்கள். பிறகு, ஆறு மாதமாக இப்படி எத்தனை ஃபைல் போயிருக்கும் என்று தெரியாதில்லையா? 30 சர்வர்களிலும் ஃபைண்ட் கட்டளையால் 1204 பெர்மிஷன் உள்ளவற்றைத் தேடுங்கள். 755 என்று எழுதியவை 1363 ஆகியிருக்கும், 600 என்று எழுதியவை 1130. அந்த மூன்றாவதைத்தான் முதலில் தேட வேண்டும்: ரகசியம் என்று நினைத்து 600 கொடுத்த ஃபைலில் ஓனருக்குப் படிக்க வழியில்லை, குரூப்பில் உள்ள எவரும் எழுதலாம்.